ஒரு பீப்பாய் உப்புக்குப் போன வீடு

ஆற்றங்கரை ஊரான சேன் லூயியில் பெலாஜி கென்வில் சுட்ட ரொட்டியைத் தின்னாதவர் ஒருவரும் இல்லை. இருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் சேன் லூயிக்கு 'ரொட்டிப்பஞ்சம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மாவுக்காக அக்கரையைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்த பழைய நாட்களில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயரை பெலாஜியின் காதுபட யாராவது சொன்னால், அன்று அவருக்கு அடுப்பின் மூலையில் கருகிய ரொட்டிதான் கிடைக்கும். வேறு எந்தத் தண்டனையும் அவள் கொடுப்பதில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

1804-ல் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. படகுத்துறைக்கு மேலே, சரிவில், ஒரு மரவீடும் அதன் பின்னால் மண்ணால் கட்டிய ஒரு பெரிய அடுப்பும், சுற்றிலும் மல்பெரிக் கட்டைகளை நெருக்கி நட்ட வேலியும் அவளுக்கு இருந்தன. அன்செல்ம் என்று ஒரு கணவனும் இருந்தான். வீட்டையும் அடுப்பையும் வேலியையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

அதற்கு ஏழு வருடங்களுக்கு முன், பன்றி அடித்து உப்புக்கண்டம் போடும் பருவத்தில், "உப்பு தீர்ந்துபோச்சு" என்று பெலாஜி சொன்னாள். அன்செல்ம் தொப்பியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினான். உப்பு காய்ச்சும் ஊற்றுகள் ஆற்றோடு இரண்டு நாள் பயணத்தில் இருந்தன. ஏழாவது வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவன் திரும்பி வந்தான். வேறு ஒரு தொப்பி போட்டிருந்தான். உப்பு கொண்டு வரவில்லை.

"உப்பு எங்கே?" என்று கேட்டாள் பெலாஜி. ஏழு வருடங்களில் அவள் தயார் செய்து வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ. வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"அதை ஏன் கேக்கறே. துறையிலேயே நம்ம பசங்க மிசூரி ஆத்துப் பக்கம் போற படகுல இருந்தாங்க. அடுத்த வளைவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடலாம்னுதான் ஏறினேன்."

"அப்புறம்?"

"அந்த ஆத்துல வளைவு அதிகம்."

அடுப்புப் பக்கத்தில், சூடு வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். மார்ச் மாதம் வரை அங்கிருந்து பெரிதாக நகரவில்லை. ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டைக் கட்டியாளும் உரிமை கணவனுக்கு. ஏழு வருடம் ஆளில்லாமல் கிடந்த அந்த உரிமையும் அவனோடு சேர்ந்து வந்து அடுப்போரத்தில் குளிர் காய்ந்தது.

இந்தச் சமயத்தில்தான் நாடு விற்றுப்போன செய்தி வந்தது. அதுவரை அங்கே ஆண்டுவந்த ஸ்பெயின் அந்த நிலத்தை ரகசியமாக பிரான்ஸுக்குக் கொடுத்திருந்தது. தாங்கள் பிரெஞ்சு நாட்டவர் ஆகிவிட்டோம் என்று பிரெஞ்சு பேசும் சேன் லூயி மக்கள் சந்தோஷப்படுவதற்குள் பிரான்ஸ் அதை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது. ஆறுகள், காடுகள், எருமைகள், சேன் லூயி, எல்லாம் ஒரே விலையில் சேர்த்தி. அதில் பெரும்பகுதி நிலத்தில் ஓசேஜ் பழங்குடி மக்களும் இன்னும் பல இனத்தவரும் காலங்காலமாக இருந்து வந்தார்கள். விற்றவர்களும் வாங்கியவர்களும் அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அடிமைகளாக இருந்தவர்களிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

"எவ்வளவுக்கு வித்தாங்களாம்?" என்று பக்கத்து வீட்டு உர்சூல் கேட்டாள். அவள் ரொட்டி வாங்க வந்தால் செய்தி கொடுத்துவிட்டு ரொட்டி வாங்கிப் போவாள்.

"நம்மளைக் கேக்காம வித்தவங்க நமக்குக் கணக்கா சொல்லப்போறாங்க?" என்றாள் பெலாஜி.

செய்திக்குப் பின்னாலேயே போஸ்டன்காரர்கள் வந்தார்கள். அமெரிக்கர் எந்த ஊரிலிருந்து வந்தாலும் சேன் லூயியில் அவர் போஸ்டன்காரர்தான். ஹாஸ்கின்ஸ் என்பவர் கென்டக்கியிலிருந்து வந்தார். போஸ்டனை அவர் கண்ணால் கண்டதில்லை. கடை வைக்க படகுத்துறைக்குப் பக்கத்தில் இடம் தேடினார். யாரைப் பார்த்தாலும் தொப்பியைத் தொட்டு வணங்கி, அவர்கள் வீட்டு வேலியைக் கண்ணால் அளந்தார்.

மார்ச் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. தவக்காலம் என்பதால் ஊரில் எந்தச் சட்டியிலும் இறைச்சி இல்லை. அன்று மதியம் ஸ்பெயின் கொடியை இறக்கி பிரெஞ்சுக் கொடியை ஏற்றுவதாக ஏற்பாடு. மறுநாள் மதியம் அதையும் இறக்கிவிட்டு அமெரிக்கக் கொடி. நடுவில் ஒரே ஒரு நாள் ஊர் பிரான்ஸாக இருக்கும். அந்த ஒரு நாளுக்காக ஊரே கூடித் தின்பதென்று முடிவாகி, பெலாஜியிடம் ரொட்டி சொல்லியிருந்தார்கள்.

விடிந்து சற்று நேரத்தில் அன்செல்ம் வேலிக்கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். அடுப்புக்கு முன்னால் அதை நிமிர்த்தி வைத்து மூடியைத் திறந்தான். உள்ளே உப்பு. ஊற்றில் காய்ச்சிய சாம்பல் நிற உப்பு இல்லை. கடல் தாண்டி வந்த, தூள் தூளான வெள்ளை உப்பு.

"நீ கேட்டியே" என்றான்.

பெலாஜி கையை உப்புக்குள் விட்டாள். முழங்கை வரை விட்டாள். பல வருடங்களாக அழாததால் எப்படித் தொடங்குவது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. மாவு ஒட்டிய மறுகையால் முகத்தைத் துடைத்ததில் முகம் முழுக்க மாவானது. "உள்ள போய் உக்காரு, பீன்ஸ் சூடு பண்ணித் தரேன்" என்றாள். ஏழு வருடங்களை அவள் மன்னித்துவிட்டாள். அன்றைய மாவு முழுவதிலும் அந்த உப்பைத் தாராளமாகப் போட்டாள். மன்னிப்பு மாலை வரை நன்றாகத்தான் இருந்தது.

மதியம் பீரங்கி முழங்கியது. ஸ்பெயின் கொடி இறங்கியது, பிரெஞ்சுக் கொடி ஏறியது. பிரான்ஸின் சார்பில் ஊரைப் பெற்றுக்கொள்ள ஒரு அமெரிக்கக் கேப்டனே வந்திருந்தார். அனுப்புவதற்கு வேறு ஆள் பக்கத்தில் இல்லை. கிழவர்கள் கொடியைப் பார்த்து அழுதார்கள். அப்புறம் எல்லோரும் பெலாஜியின் ரொட்டியைத் தின்றார்கள். இவ்வளவு ருசியான ரொட்டியைத் தின்றதே இல்லை என்று சொல்லித் தின்றார்கள். வேலி மேற்பார்வைக்காரர் துசேன் நான்கு துண்டு தின்றார்.

மாலையில் பெலாஜி அடுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஹாஸ்கின்ஸ் வந்தார். தொப்பியைத் தொட்டார். பிறகு வேலியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நீட்டி நீட்டி அடிவைத்து நடந்தார்.

"என்ன முசே, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று பெலாஜி மரியாதையாகவே கேட்டாள்.

"இல்லை மதாம். என் இடம் எவ்வளவு, பார்க்கிறேன்" என்றார். அவருடைய பிரெஞ்சு மொழி புத்தகத்தில் படித்தது; அந்தப் புத்தகமும் பாதியில் நின்றுவிட்டது. "நான் வீடு வாங்கி. உங்கள் கணவர் விற்று. நாளை மதியம், அமெரிக்கா வந்த பிறகு, நீங்கள் வெளியே. அவசரம் இல்லை. சாயங்காலம் கூட வெளியே."

"எதுக்கு வித்தான்?"

ஹாஸ்கின்ஸ் பீப்பாயைக் காட்டினார்.

பெலாஜி உள்ளே போனாள். அன்செல்ம் இரண்டாவது பீன்ஸ் தட்டை வழித்துக்கொண்டிருந்தான்.

"வீட்டையா கொடுத்தே?"

"நீ உப்பு கேட்டே." அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் பெலாஜிக்குத் தாங்கவில்லை. "வெறுங்கையோட வந்தேன்னு மூணு மாசமா என் மூஞ்சியைப் பார்க்கமாட்டேங்கறே. அந்த போஸ்டன்காரர்கிட்ட ஒரு பீப்பாய் இருந்துச்சு. என்கிட்ட கொடுக்க என்ன இருக்கு, இதுதானே இருந்துச்சு."

"இது உன்கிட்ட இருந்ததா?"

"கல்யாணம் ஆன ஆள்கிட்ட வீடு இருக்கும்ல" என்றான் அன்செல்ம். "எங்கேயாவது குடிசை போட்டுக்கலாம். உப்புதான் இருக்கே."

பெலாஜி கதவைச் சாத்திக்கொண்டு உர்சூல் வீட்டுக்குப் போனாள். உர்சூல் முழுக்கக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ரொட்டித் துண்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ நாங்க எல்லாரும் மதியம் தின்னது உன் வீட்டையா அக்கா?"

"ஆமாம்."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் உர்சூல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விஷயம் சொல்லவா? என் கொழுந்தன் நியூ ஆர்லியன்ஸ்ல கேட்டுட்டு வந்தான். பிரான்ஸ்ல இப்போ பொம்பளைங்க புருஷனை வேண்டாம்னு சொல்லலாமாம். சட்டமே இருக்காம். சாமியார்கூட வேண்டாமாம். அரசாங்க ஆள் முன்னாடி சொன்னா போதுமாம். புருஷனே இல்லேன்னா அவன் வித்ததும் இல்லேன்னுதானே அர்த்தம்?"

"அது பிரான்ஸ்ல."

உர்சூல் ஜன்னல் வழியாகக் கொடியைக் காட்டினாள்.

பெலாஜி உடைக்கு மேல் கட்டியிருந்த, மாவு ஒட்டிய துணியை அவிழ்த்து வைத்தாள். தேவாலயத்துக்குப் போடும் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கவர்னர் மாளிகைக்கு நடந்தாள். ஒரு பெண் தன் தாலிக்கயிறு போன்ற ஒன்றை அறுக்கப் போகும்போது வானம் இருண்டிருக்க வேண்டும், இடி இடித்திருக்க வேண்டும். அன்று வானம் தெளிவாக இருந்தது. ஒரு நாய் கூட வரவில்லை.

வாசலில் பாஸ்கால் நின்றிருந்தான். ஸ்பெயின் காலத்திலும் அவன்தான் வாசல்காரன். நாளைக்கும் அவன்தான்.

"பிரான்ஸைப் பார்க்கணும்" என்றாள் பெலாஜி.

"பிரான்ஸ் இப்போ சாப்பிட்டுக்கிட்டிருக்கு மதாம். பெரிய விருந்து. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு பிரான்ஸ் இருக்காதே."

"மதியம் வரைக்கும் இருக்கும்."

"அப்போ காலையில வரட்டுமா?"

பாஸ்கால் உள்ளே எட்டிப் பார்த்தான். கண்ணாடிக் கோப்பைகளின் சத்தம் கேட்டது. "இந்தக் குடிக்கு, காலையில பிரான்ஸ் எந்திரிக்காது" என்றான் வருத்தத்தோடு.

கொடிமரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. ராத்திரி முழுக்கக் கொடி பறக்கட்டும் என்று கேப்டனிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார்கள். அது தனியாகப் பறக்கக் கூடாதென்று இப்போதே துணைக்கு வந்து, விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. நடுவில் துசேன் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

சேன் லூயியில் மக்களே தேர்ந்தெடுக்கும் பதவி ஒன்றே ஒன்று இருந்தது, வேலி மேற்பார்வை. ஊர் வயலுக்கு ஒரே பொதுவேலி. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சீர் செய்து வைக்கவேண்டும். செய்யாதவன் பங்கு செய்தவனுக்குப் போகும். வீட்டு மனைகளுக்கும் இதே மாதிரி வழக்கம்தான். இதைத் தவிர உலகத்தில் எதைப் பற்றியும் துசேன் கருத்துச் சொல்லமாட்டார். ஸ்பெயின் போனபோதும் "வேலி அப்படியேதானே இருக்கு" என்றுதான் சொன்னார்.

பெலாஜி அவர் முன்னால் போய் நின்றாள்.

"முசே துசேன், ஒரு வழக்கு."

"வேலி சம்பந்தமா இருந்தா சொல்லு. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது."

"வேலிதான்." அவள் ஒரு நிமிடம் யோசித்துத் தொடர்ந்தாள். "ஒருத்தன் தன் பங்கை அப்படியே போட்டுட்டுப் போயிட்டான்."

"எவ்வளவு காலமா?"

"ஏழு வருஷம்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. துசேனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு வருஷமும் ஒரு நாளும் தாண்டினாலே பங்கு போச்சு. இவ்வளவு நாளா என்கிட்ட ஏன் சொல்லலை? எந்த வயல் அது?"

"வயல் இல்லை முசே துசேன். நான்."

விறகை அடுக்கிக்கொண்டிருந்தவன் கையில் ஒரு கட்டையோடு அப்படியே நின்றான். துசேன் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். அவர் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. எல்லா வேலி வழக்கிலும் அதைக் கேட்பார்.

"திறந்து கிடந்த இடத்துல மாடு உள்ள வந்துச்சா?"

"வரப் பார்த்துச்சு" என்றாள் பெலாஜி. "நான் விடலை."

கூட்டத்தில் இரண்டு மூன்று ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். உர்சூல் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினாள்.

"ஆளில்லாத பங்கு, கட்டிக் காத்தவங்களுக்கு" என்று துசேன் தீர்ப்புச் சொன்னார். "வீடும் உனக்கு, நீயும் உனக்கு. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. விட்டுட்டுப் போனவன் வேலிகிட்டயே நின்னு, தொப்பியைக் கழட்டி, அது தன்னுது இல்லேன்னு தன் வாயால சொல்லணும். அது வழக்கம். ரெண்டாவது, வாங்கின உப்பைத் திருப்பிக் கொடுத்துடணும். கொடுக்காம வீடு கேட்கக்கூடாது."

"பீப்பாய்ல பாதிதான் இருக்கு. மீதியை ஊரே தின்னாச்சு."

துசேன் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். "அப்போ ஊரே கொடுக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை பெலாஜியின் அடுப்புக்கு முன்னால் பெண்கள் வரிசையில் வந்தார்கள். கோப்பையில், கிண்ணத்தில், ஒருத்தி தன் காலுறையில், உப்பு கொண்டு வந்தார்கள். ஊற்றில் காய்ச்சிய உப்பு, சாம்பல் நிறம், பழுப்பு நிறம், ஒன்றில் மிளகு கலந்திருந்தது. ரொட்டியே தின்னாதவள் என்று சத்தியம் செய்த ஒருத்தியும் வந்தாள். மூன்று துண்டு தின்றதாக அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். பீப்பாய் நிரம்பியது. மேலே வந்த உப்பு கீழே இருந்த வெள்ளை உப்பை மூடிவிட்டது.

ஹாஸ்கின்ஸ் வந்து பீப்பாயைப் பார்த்தார். ஒரு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்தார்.

"என் உப்பு இது இல்லை. என் உப்பு வெள்ளை."

"உங்க உப்பு எங்க எல்லார்கிட்டயும் இருக்கு" என்றார் துசேன். "அதுவேதான் வேணும்னா கொஞ்சம் காத்திருங்க. அதுவும் வரும்."

பெண்கள் சிரித்தார்கள். ஹாஸ்கின்ஸுக்கு நகைச்சுவை புரியவில்லை, ஆனால் தான்தான் அது என்று புரிந்தது. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "மதியம் அமெரிக்கா. நான் அமெரிக்கா வரைக்கும் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பீப்பாயின் மேலேயே உட்கார்ந்தார்.

கோட்டைப் பக்கமிருந்து படை நடக்கும் சத்தம் கேட்டது. மதியத்துக்கு இன்னும் சிறிது நேரமே இருந்தது. அன்செல்மைக் காணவில்லை. உர்சூலின் கொழுந்தன் படகுத்துறையில் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தான். சீட்டாட்டத்தின் நடுவில் எழுப்பிவிட்டதில் அன்செல்முக்குச் சிறிது மனக்குறை.

"சாப்பாட்டு விஷயமா?" என்று கேட்டான்.

"வேலி விஷயம்" என்றார் துசேன். "இந்த வேலியில நீ எத்தனை கட்டை நட்டே?"

அன்செல்ம் வேலியைச் சுற்றிப் பார்த்தான். அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பது போல இருந்தது. கதவுக்குப் பக்கத்துக் கட்டையைத் தொட்டான். "இது நான் நட்டது. போறதுக்கு முந்தின வசந்தத்துல."

"அது உளுத்துப்போச்சு" என்றாள் பெலாஜி. "போன வருஷம் நான் மாத்தினது."

அவன் கையை எடுக்கவில்லை. கட்டையின் மேல் விரலால் தடவிக்கொண்டே நின்றான். பெலாஜி அந்தக் கையையே பார்த்தாள். இருபது வயதில் இதே கைதான் அவளை நடனத்துக்கு இழுத்துச் சென்றது. அந்தக் கைக்கு எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது என்று அன்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"உப்பு நல்ல உப்புதானே?" என்று கேட்டான் அன்செல்ம். அவளிடம் மட்டும் கேட்டான்.

"நல்ல உப்பு."

"கேட்டதைக் கொண்டு வந்தேன்ல."

"கொண்டு வந்தே" என்றாள் பெலாஜி. அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள்: "இப்போ இந்த வீட்டைக் கேக்கறேன்."

ஹாஸ்கின்ஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்செல்ம் தொப்பியைக் கழற்றினான். உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது. மூன்று மாதமாக வீட்டுக்குள்ளும் அவன் ஏன் தொப்பியோடு இருந்தான் என்று பெலாஜிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது என் வேலி இல்லை" என்றான் அன்செல்ம். "நான் இந்த வீட்டு ஆளும் இல்லை. உப்பு கொண்டு வந்து போட்ட ஆள்."

பீரங்கி முழங்கியது. பிரான்ஸ் முடிந்தது.

ஹாஸ்கின்ஸ் எழுந்து, இவர் கணவரே இல்லையென்றால் எப்படி விற்றார், இதைப் பெரிய இடத்தில் கேட்பேன் என்று தன் மொழியில் பேச ஆரம்பித்தார். ஆனால் அவருடைய சொந்தக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நேராக நிற்கவேண்டிய நிலை. அவர் அப்படி நின்ற நேரத்தில் உர்சூலும் கொழுந்தனும் பீப்பாயை உருட்டிக்கொண்டு போய் அவர் படகிலேயே ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதமே அவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்தது. அதற்கு அவர் என்ன கொடுத்தார் என்று தெரியாது, உப்பு கொடுக்கவில்லை.

அந்த விவாகரத்து செல்லுமா என்று யாரும் எவரிடமும் கேட்கவில்லை. சாமியார் கேட்டால் வேலி விஷயம் என்று சொன்னார்கள். அமெரிக்கர்கள் கேட்டால் அது பிரான்ஸில் நடந்தது என்று சொன்னார்கள். ஊர்க்கணக்கு எடுக்க வந்த அமெரிக்கர் ஒருவர் பெலாஜியிடம் கணவன் உண்டா, விதவையா, கன்னியா என்று கேட்டபோது, ரொட்டிக்காரி என்று சொன்னாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

அன்செல்ம் திரும்பவும் மிசூரிப் பக்கம் போனான். அந்த ஆற்றில் வளைவுகள் இன்னும் மிச்சமிருந்தன. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் வந்தான். வேலிக்கு வெளியே நின்று, தொப்பியைக் கழற்றி, எல்லோரையும் போல வரிசையில் காத்திருந்து ரொட்டி வாங்கினான்.

"வாங்க முசே" என்பாள் பெலாஜி. கணவனாக இருந்தவரைக்கும் அவனை அவள் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

அவன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று பார்ப்பான்.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி, மதாம்."

இதையே புருஷன் சொல்லியிருந்தால் அன்று அடுப்பு எரிந்திருக்காது. வாடிக்கையாளர் சொன்னதால், மறுநாள் மாவில் அவள் ஒரு சிட்டிகை கூடப் போட்டாள்.